யுபிவிசி ஜன்னல்: வாங்குவதற்கு முன்னும், கழற்றும் அன்றும்

கரையான் அரிக்காது, துருப்பிடிக்காது, மழைக்கு ஊதாது, பெயின்ட் அடிக்க வேண்டாம். கடையில் சொல்லும் இந்த நான்கும் உண்மைதான். பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலும் புதிதாக எழும்பும் வீடுகளில் வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டத்தை நிறையவே பார்க்கிறோம். வீட்டுக்காரர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு மூன்று. இந்தப் பிளாஸ்டிக்கோடு வேறென்ன கலந்திருக்கிறது? இதை மாட்டியபின் வீட்டுக்குள் காற்று எப்படி வரும்? முப்பது வருஷம் கழித்து இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? மூன்றுக்கும் பதில் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னே தெரிந்திருக்க வேண்டும். முன்பணம் கட்டியபின் கேட்டால் பதில் மட்டும்தான் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது.

சட்டத்துக்குள் என்ன இருக்கிறது

யுபிவிசி என்பதில் முன்னால் நிற்கும் 'யு', இளக்கி சேர்க்காதது என்று சொல்கிறது. ரெக்சின், மழைக்கோட்டு, தோட்டத்துக் குழாய் போன்ற மெத்தென்ற பிவிசியில் தாலேட் எனும் எண்ணெய்ப்பசைப் பொருளைச் சேர்ப்பார்கள். அது மெல்லக் கசிந்து வெளியே வரும். விறைப்பான ஜன்னல் சட்டத்தில் அது கிடையாது. ஆகவே தாலேட் பயத்தைச் சட்டத்தின் மேல் போட வேண்டாம்.

இன்னொரு பயம் புற்றுநோய். பிவிசிக்கு மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயு புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான ஒன்று. 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பிவிசி ஆலைத் தொழிலாளர்களுக்கு அரிய வகை ஈரல் புற்றுநோய் வந்தது தெரிந்தபிறகுதான் ஆலைகளில் கட்டுப்பாடு இறுகியது. அந்த ஆபத்து ஆலைக்குள்ளும் வாயுவைக் கொண்டுபோகும் வழியிலும் இருப்பது. வார்த்து முடித்த சட்டத்தில் அந்த வாயு மிச்சமிருப்பது பொருட்படுத்த வேண்டாத அளவே.

கவலைப்பட வேண்டியது ஈயத்தைப் பற்றி. பிவிசியைச் சட்டமாக வார்க்க 180, 200 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி தானே சிதையத் தொடங்கி ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும். அதைத் தடுக்க ஒரு நிலைப்படுத்தி சேர்த்தாக வேண்டும். விலை குறைவாகவும் வேலைக்குத் தோதாகவும் இருந்தது ஈயச் சேர்மம். அதற்கு மாற்றாக கால்சியம்-துத்தநாகச் சேர்மம் வந்துவிட்டது. ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் தாங்களாகவே 2015 முடிவுக்குள் ஈயத்தை நிறுத்தினார்கள். 2024 நவம்பரிலிருந்து எடையில் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ ஈயம் உள்ள பிவிசியை அங்கே சட்டமே தடுக்கிறது, மறுசுழற்சிச் சரக்குக்கு மட்டும் தவணை உண்டு. நம் நாட்டில் 2021இல் வந்த ஈய விதி பிவிசி குழாய்களுக்கும் அவற்றின் இணைப்புகளுக்கும்தான். ஜன்னல் சட்டம் அதில் வரவில்லை. எனவே கேட்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்.

கணக்கைப் பாருங்கள். நாலுக்கு நாலடி இரட்டைக் கதவு ஸ்லைடிங் ஜன்னலுக்கு ஏறத்தாழ 12 மீட்டர் சட்டம் போகும். மீட்டருக்கு ஒரு கிலோ வைத்தால் 12 கிலோ பிளாஸ்டிக். ஈயம் சேர்த்த சரக்கென்றால் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை ஈயம் இருக்கலாம். அதாவது ஒரு ஜன்னலில் 120 முதல் 240 கிராம். பத்து ஜன்னல் வீட்டில் ஒன்றிரண்டு கிலோ. சட்டம் புதிதாக இருக்கும்வரை அது பிளாஸ்டிக்குக்குள் பூட்டியே இருக்கும், தொட்டால் ஒட்டாது. வெயிலில் மேற்பரப்பு சிதைந்து வெள்ளைப் பொடி உதிரும்போதும், அறுக்கும்போதும் துளைபோடும்போதும், எரிக்கும்போதும்தான் வெளியே வரும். 1996இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இறக்குமதி வினைல் ஜன்னல் திரைப்பட்டைகளைப் பற்றி எச்சரித்தது இதே காரணத்துக்காகத்தான்: வெயிலும் சூடும் பட்டு மேற்பரப்பில் ஈயத்தூசி படிந்தது, குழந்தைகள் கையால் தொட்டு வாயில் வைத்தார்கள். பங்குனி, சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்து மேற்குச் சுவரில் அந்தச் சோதனை வருஷா வருஷம் நடக்கிறது.

கடையில் செய்யும் சோதனை

கடைக்காரரிடம் ஒரு சாண் நீள வெட்டுத்துண்டு கேளுங்கள். பட்டறையில் நிறைய கிடக்கும். கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் சுவர்த் தடிப்பு. வெர்னியரால் வெளியே தெரியும் முகத்தை அளக்க வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் 'ஏ' வகுப்புக்கு அது 2.8 மி.மீ., 'பி' வகுப்புக்கு 2.5 மி.மீ. அதற்குக் கீழே போனால் மூலை வெல்டிங் பலவீனம், ஸ்க்ரூ பிடிப்பும் பலவீனம். கண்ணாலே பார்த்து 'கனமாத்தான் இருக்கு' என்பது அளவாகாது.

அடுத்தது அடர்த்தி. விலையைக் குறைக்கச் சிலர் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கொட்டிவிடுவார்கள். அந்தச் சட்டம் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். இதை வீட்டிலேயே பிடிக்கலாம். சமையலறை எலக்ட்ரானிக் தராசில் துண்டை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசின் மேல் ஏற்றி, எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். துண்டை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் அமிழும்படி தொங்கவிட வேண்டும். அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. துண்டின் உள்ளறைகளுக்குள் காற்றுக்குமிழி நின்றால் கணக்குத் தப்பும், ஆகவே சாய்த்து ஆட்டி குமிழியை வெளியேற்றுங்கள். ரப்பரும் உள்கம்பியும் இல்லாத துண்டாக இருக்கட்டும். இப்போது தராசு காட்டும் கிராம்தான் அந்தத் துண்டின் கனஅளவு, மில்லிலிட்டரில். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 174 கிராம் துண்டுக்குத் தராசு 120 காட்டினால் 1.45. அது நல்ல சரக்கின் எண். 110 காட்டினால் 1.58. சுண்ணாம்பு ஏறியிருக்கிறது, அல்லது ஈயமும் சேர்ந்திருக்கிறது. இரண்டுமே நமக்கு வேண்டாம்.

அடர்த்தி சரியாக வந்தாலும் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, தயாரிப்பாளரிடமிருந்து 'ஈயம் 0.1 சதவீதத்துக்குக் கீழ், கால்சியம்-துத்தநாக நிலைப்படுத்தி' என்று எழுத்தில் வாங்குவது. பில்லிலேயே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. இன்னொன்று, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் சோதிப்பது. துண்டைக் கொடுத்தால் போதும். பஞ்சால் தேய்த்துப் பார்க்கும் வீட்டுச் சோதனைப் பெட்டியை நம்ப வேண்டாம். அது மேற்பரப்பில் உதிரும் ஈயத்தை மட்டுமே காட்டும், புதுச் சட்டத்தில் உள்ளே பூட்டியிருப்பது அதற்குத் தெரியாது.

மூன்றாவது, உள்ளே இரும்பு இருக்கிறதா என்பது. பிளாஸ்டிக் மட்டும் தனியாக நின்றால் வளையும், ஆகவே சட்டத்தின் உள்ளறைக்குள் நாகமுலாம் பூசிய எஃகுச் சட்டம் செருக வேண்டும். 1.5 மி.மீ. தடிப்பாவது இருக்கட்டும். செருகிவிட்டு விட்டால் போதாது, அடிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு பிளாஸ்டிக்கோடு பிணைக்க வேண்டும். ஜன்னல் வந்து இறங்கிய அன்று, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைச் சட்டத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். வெளிச்சட்டத்தின் நான்கு பக்கமும், கதவுச் சட்டத்தின் நான்கு பக்கமும், நடுச்சட்டமும் இழுக்க வேண்டும். இழுக்காத இடத்தில் இரும்பு இல்லை. கதவில் மட்டும் போட்டுவிட்டு வெளிச்சட்டத்தில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற குறை.

எங்கே மாட்டலாம், எங்கே வேண்டாம்

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடலோர ஊர்களில் யுபிவிசிக்கு நியாயமான இடம் உண்டு. உப்புக்காற்று பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. கீல், ரோலர், பூட்டு, ஸ்க்ரூதான் துருவேறும். அங்கே எல்லாவற்றுக்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் 304 போதும். குளியலறை வென்டிலேட்டருக்கும் யுபிவிசி நல்ல தேர்வு.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வேறு கணக்கு. காற்றாலை நிற்கிற ஊர் என்றால் ஜன்னலுக்கும் அதே காற்றுதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஸ்லைடிங் கதவின் பிரஷ் இடைவெளியில் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். அங்கே ரப்பர் அழுந்தி மூடும் கீல் கதவு போடுங்கள். பல இடத்தில் பூட்டும் பூட்டு, காற்றில் கதவு அறையாமல் இருக்க உராய்வுத் தாங்கி, இரண்டும் வேண்டும். அகலமான ஜன்னலாக ஒன்று வைப்பதைவிட நடுச்சட்டம் கொடுத்து இரண்டாகப் பிரிப்பது மேல்.

மேற்குச் சுவரில் கறுப்பு, அடர்பழுப்பு, மரநிறப் படலம் ஒட்டியது வேண்டாம். பிவிசி 75, 80 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். அடர்நிறச் சட்டம் உச்சி வெயிலில் 60, 70 வரை ஏறும். இடைவெளி மிகக் குறைவு. வெள்ளையே போடுங்கள், மேலே ஒன்றரை அடி சன்ஷேடு வையுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல தேக்கு நிலையோ வேப்பமர நிலையோ இருந்தால்? பெயர்க்காதீர்கள். கதவு இற்றுப்போயிருந்தால் கதவை மட்டும் ஆசாரியிடம் மாற்றுங்கள். கரையான் ஏறிய அடிக்கட்டையை வெட்டி எடுத்துப் புதுக்கட்டை ஒட்டுப்போடத் தெரிந்த ஆசாரிகள் அம்பாசமுத்திரம் பக்கமும் திருநெல்வேலி டவுன் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள். புதிதாக நூறு கிலோ பிளாஸ்டிக் வாங்கி வருவதைவிட, நாற்பது வருஷம் நின்ற மரத்தை இன்னும் இருபது வருஷம் நிறுத்துவது சுற்றுச்சூழலுக்கு எந்த வகையிலும் நல்லது. அலுமினியம் என்று போனால், புதிதாக உருக்க மின்சாரம் ஏராளமாகப் போகும். ஆனால் பழையதை மறுபடி உருக்க அதில் ஐந்து சதவீதம் ஆற்றல் போதும், எந்தப் பழைய இரும்புக் கடையிலும் காசுக்குப் போகும். யுபிவிசிக்கு இல்லாத அந்த ஒரு வசதியை மறக்க வேண்டாம்.

பொருத்தும்போது

மர நிலையைப் பூச்சுக்கு முன்பே நிறுத்திச் சுவரோடு கட்டிவிடுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் கொத்தனார் யுபிவிசி சட்டத்தையும் முன்பே நிறுத்திச் சுற்றிலும் சாந்து அடைத்துவிடுவார். அங்கேதான் பாதி ஜன்னல் கெடுகிறது. ஐந்தடிச் சட்டம் இரவுக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வில்போல வளையும், கதவு உரசும், பூட்டு எட்டாது. பூச்சு முடிந்து, முதல் கோட்டு பெயின்ட் அடித்தபிறகே மாட்டுங்கள். திறப்பை அகலத்தில் மூன்று இடம், உயரத்தில் மூன்று இடம் அளந்து, ஆகக் குறைந்த அளவை எடுத்து, பக்கத்துக்கு இரண்டு நூல் விட்டு ஆர்டர் கொடுங்கள். அடர்நிறம் என்றால், அல்லது ஆறடிக்கு மேல் என்றால், மூன்று நூல்.

சட்டத்தை ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து நேர்பார்த்து, இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று டேப்பில் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ. மூலையிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி முதல் ஸ்க்ரூ, அதன்பின் இரண்டடிக்கு ஒன்று. மூலையை ஒட்டிப் போட்டால் வெல்டிங் விரியும். ஸ்க்ரூ உள்ளிருக்கும் எஃகைத் துளைத்து, பூச்சைத் தாண்டி, செங்கல்லுக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும். மூன்று இன்ச் ஸ்க்ரூவை வைத்து வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். பூச்சே முக்கால் அங்குலம் இருக்கும் சுவரில் அது பிடிக்காது. முடுக்கும்போது சட்டம் உள்ளே இழுபடாமல் அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஆப்பு கொடுங்கள்.

கீழ்ச்சட்டத்தின் ட்ராக்கில் துளை போடவே கூடாது. மழைத்தண்ணீர் நிற்கும் இடம் அது. துளை வழியே இறங்கி உள்ளிருக்கும் எஃகைத் தின்னும். ஐந்தாறு வருஷத்தில் வெள்ளைச் சட்டத்தின் அடியில் துரு நிறத்தில் ஒழுகல் தெரிந்தால் காரணம் இதுதான். கீழே பிடிப்பு வேண்டுமென்றால் வெளியிலிருந்து தகட்டுக் கிளிப் போடச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பியு ஃபோம் எனும் உப்பும் நுரையை அடிப்பார்கள். பாதி அளவே அடிக்க வேண்டும், அது இரண்டு மடங்குக்கு மேல் உப்பும். நிறைய அடித்தால் சட்டத்தையே உள்ளே தள்ளிவிடும். ஈரமாக இருக்கும்போது அதில் மூச்சையும் தோலையும் உறுத்தும் ஐசோசயனேட் உண்டு. கையுறை, திறந்த வாசல், குழந்தைகள் அந்த அறையில் இல்லாமை, மூன்றும் கட்டாயம். காய்ந்தபின் வெயில் படாமல் சிலிக்கானால் மூட வேண்டும், மூடாத ஃபோம் வெயிலில் மஞ்சளாகிப் பொடியும். சிலிக்கானில் நியூட்ரல் வகை வாங்குங்கள். வினிகர்போலப் புளிப்பு வாடை அடித்தால் அது அமில வகை, கீலையும் பூச்சையும் அரிக்கும்.

துளைபோட்ட வெள்ளைத் தூளைக் கூட்டி வாசலில் தள்ளிவிடக்கூடாது. அடுத்த மழையில் அது சாக்கடை வழியாகப் பாளையங்கால்வாய்க்கோ நயினார்குளத்துக்கோ போகும், அங்கே மக்காது. வேலைக்கு முன்னே தரையில் பழைய வேட்டியோ தார்ப்பாயோ விரித்து, முடிந்ததும் அப்படியே சுருட்டிச் சாக்கில் கட்டுங்கள். துளை போடுபவர் முகக்கவசம் போடட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை ட்ராக்கில் ஊற்றுங்கள். வெளிப்பக்கத்து வடிகால் துளை வழியாக ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றால் துளை போடவில்லை, அல்லது பெயின்டரும் கொத்தனாரும் அடைத்துவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் இதை வருஷம் ஒருமுறை செய்தால் அறைக்குள் தண்ணீர் வராது.

வீட்டுக்குள் காற்று, தீ, குழந்தை

பழைய மர ஜன்னலில் இடுக்கு இருந்தது. காற்று தானே போய்வந்தது. யுபிவிசி இறுக மூடும். அது ஏசிக்கு நல்லது, அடுப்புக்கு அல்ல. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். மூன்றடி உயரத்தில் இருக்கும் ஜன்னல் திறந்திருந்தாலும் அதை வெளியேற்றாது. ஆகவே சமையலறைச் சுவரில் தரை மட்டத்தில் கையகல வலைத்துளை ஒன்று, மேலே வென்டிலேட்டர் ஒன்று கட்டாயம். வாயு கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். இறுக மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்வது தெரியாது, மணமும் கிடையாது. கொசுவர்த்தி ஏற்றுகிற அறையிலும் ஒரு கதவை வலையோடு திறந்து வையுங்கள். ஸ்லைடிங் ஜன்னல் திறப்பில் பாதிதான் காற்று விடும் என்பதை நினைவில் வைத்து அளவு சொல்லுங்கள். மேல்காற்று வரும் திசையில் கீல் கதவே லாபம்.

அடுப்பை ஜன்னலுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். காற்றில் தீ அணைந்து வாயு மட்டும் வரும். சட்டமும் சூட்டில் இளகும். இரண்டடியாவது பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

பிவிசி தானாகத் தீயைப் பரப்பாது, தீ விலகினால் அணைந்துவிடும். உள்ளே இருக்கும் குளோரின்தான் காரணம். ஆனால் பக்கத்தில் திரைச்சீலையோ மெத்தையோ எரியும்போது அதே குளோரின் அமிலப் புகையாக வெளியேறி மூச்சை அடைக்கும். அந்த அறையில் நிற்காமல் குனிந்து வெளியேற வேண்டும். வெளியேற வழி? நம் ஊரில் எல்லா ஜன்னலிலும் திறக்காத கம்பி. படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு ஜன்னலுக்காவது கீல் வைத்துத் திறக்கும் கம்பி போட்டு, சாவியை உள்ளே கைக்கு எட்டும் ஆணியில் தொங்கவிடுங்கள். கம்பியைப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஸ்க்ரூ வைத்துப் பிடிக்கக்கூடாது, சுவரில் பிடியுங்கள்.

மாடி ஜன்னலின் அடிக்கட்டு மூன்றடிக்குக் கீழே இருந்தால் கம்பி இடைவெளி நாலு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கம்பி இல்லாத இடத்தில் கதவு நாலு அங்குலத்துக்கு மேல் திறக்காத தடுப்புக் கொக்கி போடுங்கள். கொசுவலை குழந்தையின் எடையைத் தாங்காது. கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள். கண்ணாடி டஃப்பண்ட், அதாவது சூடேற்றி உறுதியாக்கியது, என்று சொல்லித் தந்தால் மூலையில் பொறித்த முத்திரையைத் தேடுங்கள், முத்திரை இல்லாவிட்டால் சாதாக் கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

துடைப்பதும், வெள்ளத்துக்குப் பின்னும்

சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் படவே கூடாது, பிவிசியின் மேற்பரப்பைக் கெடுக்கும். கீலுக்கும் ரோலருக்கும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய்.

பழைய சட்டத்தில் விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அது எந்தச் சரக்கு என்று தெரியாவிட்டால் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், விளக்குமாறால் தட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை வேறெதற்கும் எடுக்காமல் குப்பையில் போடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் அறையில் வாரம் ஒருமுறை அடிக்கட்டையும் தரையையும் ஈரத்தால் துடைத்து, சாப்பாட்டுக்கு முன் குழந்தையின் கையைக் கழுவுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளும் சிந்துபூந்துறைக்குள்ளும் ஏறியதுபோல ஒரு வெள்ளத்தில் சட்டம் முங்கினால், வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். அதை நம்பவேண்டாம். ட்ராக்கில் சேறு, சட்டத்தின் உள்ளறைக்குள் தண்ணீர். வடிகால் துளையைக் கம்பியால் குத்தி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கதவைக் கழற்றி அடிப்பக்க ஸ்க்ரூ ஒன்றிரண்டை எடுத்துச் சாய்த்து வைத்தால் உள்ளே தங்கியது வடியும். ஒரு வாரம் உலரவிட்டு ரோலரை மாற்றுங்கள். அடுத்த மழைக்காலம் வரை துரு ஒழுகல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கழற்றும் நாள்

ஒரே விதி: எரிக்கக்கூடாது. பிவிசிப் பிசினில் எடையில் பாதிக்கு மேல் குளோரின். ஒரு ஜன்னலில் மட்டும் ஐந்து கிலோ அளவு. திறந்த தீயில் அது அமிலப் புகையாகவும் டையாக்சின் நஞ்சாகவும் மாறும். டையாக்சின் புல்லில் படிந்து மாட்டின் கொழுப்பில் தங்கி பாலில் வரும். ராமையன்பட்டி குப்பைக்கிடங்கு தீப்பிடிக்கும் நாட்களில் புகை எவ்வளவு தூரம் போகும் என்று சுற்றுவட்டாரத்துக்குத் தெரியும். அந்தக் குவியலுக்கு உங்கள் சட்டம் போகக்கூடாது. செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாசல், திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு, எதற்கும் விறகோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கருப்பட்டி அடுப்பில் புகை நேராகக் காய்ச்சுகிறவர் முகத்தில் அடிக்கும். தாழையூத்துப் போல சிமென்ட் சூளை இருக்கும் ஊர்க்காரர்கள் 'சூளையில் பிளாஸ்டிக் எரிப்பார்களே' என்று கேட்பதுண்டு. பிவிசியை அந்தச் சூளைகள் தவிர்க்கும். குளோரின் உப்பாகி முன்சூடேற்றியின் உள்ளே படிந்து வழியை அடைத்துவிடும்.

தண்ணீர்பாட்டில் சாக்கிலும் கலக்காதீர்கள். பெட் பாட்டிலும் பிவிசியும் இரண்டுமே தண்ணீரில் மூழ்கும், மிதக்கவிட்டுப் பிரிக்க முடியாது. பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி, கொஞ்சமே கலந்தாலும் மொத்தச் சரக்கும் மஞ்சளாகும்.

கழற்றும்போது முதலில் கண்ணாடியை எடுங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்பக்கத்து பீடிங்கை அகலமான பட்டியால் நெம்பினால் வந்துவிடும். ரப்பரை இழுத்துத் தனிச் சாக்கில் போடுங்கள். பிறகு சுவர் ஸ்க்ரூ, அதன்பின் சட்டம். சம்மட்டியால் அடித்துப் பெயர்த்தால் சில்லுச் சில்லாக நொறுங்கி மண்ணோடு கலந்துவிடும். கீழே இறக்கியபின் எஃகைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூலையை அறுத்து, எஃகை உருவுங்கள். எஃகு பழைய இரும்புக் கடைக்கு. கடைக்காரரிடம் சட்டத்தோடு அப்படியே கொடுத்தால் இரும்புக்காகப் பிளாஸ்டிக்கை எரிக்க வாய்ப்பு உண்டு. அதனால் உருவுகிற வேலையை வீட்டிலேயே முடிப்பது முக்கியம்.

மிஞ்சும் சட்டத்தை மூன்றடித் துண்டுகளாகக் கையறுவையால் அறுத்து, வெள்ளை தனி, நிறப்படலம் ஒட்டியது தனி என்று கட்டுங்கள். இது திரும்ப அரைத்து உருக்கக்கூடிய பிளாஸ்டிக். ஐரோப்பாவில் பழைய ஜன்னலை அரைத்துப் புதுச் சட்டத்தின் உட்பகுதியாக வைத்து, வெளியே புதுப் பிவிசியால் மூடி வார்க்கிறார்கள். நம் பக்கம் வீடு தேடிவந்து இதை வாங்கும் வழக்கம் இல்லை. ஆகவே புது ஜன்னல் வாங்கும் பட்டறையிடம், பழைய சட்டத்தைத் தங்கள் வெட்டுத்துண்டுகளோடு அரவைக்கு அனுப்புவதை ஆர்டரிலேயே ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். பட்டறையில் தினமும் துண்டு சேரும், அரவைக்கு எடுக்கும் ஆளும் அவர்களுக்குப் பழக்கமாக இருப்பார். கொடுக்கும்போது ஈயம் உள்ள பழைய சரக்காக இருக்கலாம் என்று வாயால் சொல்லாமல், கட்டின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். அரைக்கிறவர் முகக்கவசம் போட வேண்டியது அந்த ஒரு வார்த்தையால்தான் அவருக்குத் தெரியும்.

ஆள் கிடைக்கும்வரை கட்டைப் படிக்கட்டின் அடியிலோ கொட்டகையிலோ நிழலில் வைக்கலாம். கரையான் வராது, வாடை வராது. நல்ல நீளத்துண்டு இரண்டை எடுத்து வைத்தால் செடித்தொட்டிக்கு முட்டுக்கொடுக்க ஆகும். கீரைப்பாத்திக்கு மட்டும் வரம்பாக வைக்க வேண்டாம்.